சிரிக்காவிட்டால் தேசத்துரோகம்

பிரிட்டிஷ் சிட்காம்களிலேயே அநியாயத்துக்கு பில்டப் கொடுக்கப்பட்டது எது? இந்தக் கேள்வியை இங்கிலாந்தின் எந்த மதுக்கூடத்தில் கேட்டாலும் அன்றைய இரவு சண்டையில்தான் முடியும். ஒரே ஒரு தொடரின் மேல் மட்டும் அந்தப் பழியை யாராலும் போட முடியாது. 1946-இல் பிபிசி ஒளிபரப்பிய 'பின்ரைட்ஸ் புராகிரஸ்'தான் அது. பிரிட்டிஷ் டிவியின் முதல் சிட்காம் என்று சரித்திரம் அதற்குப் பட்டம் கட்டியிருக்கிறது. லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து நேரலையாக நடித்தார்கள், பதிவு எதுவும் இல்லை, நடித்தது நடித்த கையோடு காற்றில் கலந்துவிட்டது. அந்தக் காலத்தில் டிவி பெட்டி வைத்திருந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய பணக்காரர்கள்தான். அது அற்புதமா அறுவையா என்று சாட்சி சொல்ல இன்று ஆளில்லை. பிரிட்டிஷ் நகைச்சுவையில் களங்கமே இல்லாத ஒரே படைப்பு என்று தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்த தலைமுறைக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. பதிவு செய்யும் வசதி வந்துவிட்டது. வந்ததும் பிபிசி என்ன செய்தது? பதிவு செய்தது, ஒளிபரப்பியது, பிறகு பொறுப்பாக அழித்தது. வீடியோ நாடா விலை அதிகம், மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தம் முட்டுக்கட்டை, அப்புறம் எதற்கு அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு என்று நினைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஊரைக் காக்கப் புறப்பட்ட கிழவர்களின் கதையான 'டாட்ஸ் ஆர்மி'யின் இரண்டாவது சீசனில் மூன்று எபிசோடுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. 'தேசியப் பொக்கிஷம்' என்று இன்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற அதே நிறுவனம்தான் அன்று நாடா மிச்சம் பிடித்தது. காணாமல் போன அந்த மூன்றும்தான் இருப்பதிலேயே உச்சம் என்று ஒரு ரசிகர் அடித்துச் சொன்னால் எதிர்த்து வாதாட உங்களுக்கு வழியே இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கில் தொடர்களைக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். ஏற்ற வேண்டியது பில்டப் கொடுத்தவர்களை. பெரும்பாலும் அவர்களே முதலில் அந்தத் தொடரை எட்டி உதைத்தவர்களாகவும் இருப்பார்கள் என்பதுதான் வேடிக்கை.

சிட்காமுக்கு முதன்முதலில் தலைக்கனம் ஏற்றிவிட்டது ஓர் அரசியல்வாதி. 1964 அக்டோபர் 15, பொதுத்தேர்தல் நாள். பழைய சாமான் வண்டி ஓட்டும் அப்பனும் மகனும் ஓயாமல் அடித்துக்கொள்ளும் 'ஸ்டெப்டோ அண்ட் சன்' அன்று மாலை மறுஒளிபரப்பாக வருவதாக இருந்தது. ஓட்டுப்பதிவு இரவு 9 மணி வரை. தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சனுக்கு வயிற்றைக் கலக்கியது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் தொழிலாளி ஓட்டுச்சாவடிக்குப் போவானா, ஸ்டெப்டோவைப் பார்ப்பானா? அவருக்குச் சந்தேகமே இல்லை. பிபிசி தலைமை இயக்குநர் ஹ்யூ கிரீனிடம் நேரே போய்ப் பேசினார். சரி, அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று கிரீன் கேட்க, கிரேக்க நாடகம் ஏதாவது போடுங்களேன் என்று வில்சன் யோசனை சொன்னதாகக் கதை. ஸ்டெப்டோ 9 மணிக்குத் தள்ளிப்போனது. வில்சன் வெறும் 4 இடப் பெரும்பான்மையில் பிரதமரானார். உழைக்கும் வர்க்கத்தின் விழிப்புணர்வில் அந்த வர்க்கத்தின் தலைவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

ஸ்டெப்டோ தகுதிக்கு மீறிப் புகழப்பட்டதா? இல்லை. அப்பனாக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல்லுக்கும் மகனாக நடித்த ஹாரி கார்பெட்டுக்கும் நிஜத்தில் 13 வயதுதான் வித்தியாசம் என்பது கடைசிவரை உறுத்தாமல் பார்த்துக்கொண்டதே பெரிய சாதனை. அடுத்த வழக்கு.

'எஸ் மினிஸ்டர்' 1980-இல் தொடங்கியது. ஓர் அசட்டு அமைச்சர், அவரை ஆட்டுவிக்கும் செயலாளர் சர் ஹம்ப்ரி. மனுஷன் வாயைத் திறந்தால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் அமைச்சருக்குத் தான் என்ன கேட்டோம் என்பதே மறந்துபோகும். ஐஏஎஸ் அதிகாரிகளின் கோப்புக்குறிப்பு படித்து வளர்ந்த நமக்கு இது நகைச்சுவையா ஆவணப்படமா என்று புரியச் சற்று நேரமாகும். 2001-இல் ஸ்டார் பிளஸ் ஃபாரூக் ஷேக்கை அமைச்சராக்கி 'ஜி மந்திரிஜி' என்று இந்தியில் எடுத்தபோது பெயரை மாற்றியதைத் தவிரப் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இதன் ரசிகர் மன்றத் தலைவி மார்கரெட் தாட்சர். அவர் சும்மா ரசித்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. 1984 ஜனவரியில் மேரி வைட்ஹவுஸின் அமைப்பு இந்தத் தொடருக்கு ஒரு விருது கொடுத்தது. டிவியில் ஒரு கெட்டவார்த்தை வந்தாலே புகார்க் கடிதத்தோடு கிளம்பிவிடும் அம்மையார் இவர். 'டில் டெத் அஸ் டூ பார்ட்' என்ற தொடரில் ஆல்ஃப் கார்னெட் என்ற இனவெறிக் கிழவர் பேசிய பேச்சுக்காகப் பிபிசியை உண்டு இல்லை என்று ஆக்கியவர். அப்படிப்பட்டவர் நடத்திய விழாவில் பிரதமரே மேடையேறி, தொடரின் இரண்டு நடிகர்களோடு ஒரு குட்டி நாடகம் நடித்தார். பொருளாதார நிபுணர்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று பிரதமர் உத்தரவிடுகிறார், சர் ஹம்ப்ரி படித்ததே அரசியலும் பொருளாதாரமும் என்று தெரியவருகிறது, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம் என்கிறார். நாட்டின் பிரதமர் சொன்னால் சிரித்துத்தானே ஆக வேண்டும்? விருதை வாங்க வந்த எழுத்தாளர் ஜோனதன் லின், சிட்காம் உலகில் தமக்குரிய இடத்தை வந்து எடுத்துக்கொண்ட பிரதமருக்கு நன்றி என்றார். அரங்கம் அதிர்ந்தது. அன்று மாலை விழுந்த ஒரே நிஜமான சிரிப்பு அதுதான்.

என் தீர்ப்பு: தொடர் பிரமாதம், புகழ்ந்தவர்கள்தான் சரியில்லை. நாட்டில் எது நடக்காவிட்டாலும் அதற்குக் காரணம் அதிகாரிகள்தான் என்று வாரம் அரைமணி நேரம் சொல்கிற ஒரு தொடரை எந்தப் பிரதமருக்குத்தான் பிடிக்காது? லின்னோடு சேர்ந்து எழுதிய ஆண்டனி ஜே 1988-இல் சர் பட்டமும் வாங்கிக்கொண்டார். சர் ஹம்ப்ரியைப் படைத்தவரே சர் ஆனார்.

இப்போது தலைமைக் கடவுளிடம் வருவோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் 'ஃபால்டி டவர்ஸ்' பற்றிப் பேச வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். 1970 மே மாதம் மாண்டி பைதான் என்ற நகைச்சுவைக் குழு படப்பிடிப்புக்காக டார்க்கி என்ற கடலோர ஊருக்குப் போய் க்ளென்ஈகிள்ஸ் என்ற ஹோட்டலில் தங்கியது. உரிமையாளர் டொனால்ட் சின்க்ளேர், முன்னாள் கடற்படைக்காரர். விருந்தாளி என்று ஒருவர் வந்து நின்றாலே அது தம் சமாதானத்தைக் குலைக்கச் செய்த சதி என்று நினைக்கும் சுபாவம். அமெரிக்கரான டெர்ரி கில்லியம் கறியை வெட்டி வைத்துக்கொண்டு முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றிச் சாப்பிட்டதைப் பார்த்து, இந்த நாட்டில் இப்படிச் சாப்பிடுவதில்லை என்று கண்டித்தார். எரிக் ஐடில் வைத்துவிட்டுப் போன பையில் வெடிகுண்டு இருக்கலாம் என்று தூக்கிக்கொண்டு போய் வெளியே சுவரோரம் வைத்தார். உள்ளே டிக்டிக் என்றது கடிகாரம். மற்றவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஹோட்டலுக்கு ஓடினார்கள். ஜான் கிளீஸ் மட்டும் நகரவில்லை. மனைவி கானி பூத்தையும் அங்கேயே தங்கவைத்துக்கொண்டு அந்த மனிதரை ஆற அமரக் கவனித்தார். வாடகை கொடுத்துத் திட்டு வாங்கி அதைத் திரைக்கதையாக்கியவர் அவர்.

இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்ததைப் பிபிசியில் இயன் மெயின் என்ற ஸ்கிரிப்ட் பரிசோதகர் படித்தார். சலித்துப்போன பாத்திரங்கள், தேய்ந்துபோன சங்கதிகள், எடுத்தால் பேரழிவுதான் என்று குறிப்பு எழுதினார். இன்றைக்கு இந்தக் குறிப்பைக் காட்டி எல்லோரும் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் அனுதாபம்தான். நிதானமாக யோசித்துப் பாருங்கள். சிடுசிடு கணவன், அதட்டும் மனைவி, ஆங்கிலம் புரியாத ஸ்பானிஷ் சர்வர், காது கேளாத கிழவி. காகிதத்தில் படித்தால் தேய்ந்துபோன சங்கதிகள்தான்! இயன் மெயின் படித்தது காகிதத்தை. கிளீஸின் இரண்டு நீளக் கால்கள் காகிதத்தில் இல்லை. 1975-இல் முதல் எபிசோட் வந்தபோது டெய்லி மிரர் பத்திரிகையும் ஜோக் பற்றாக்குறை என்றே எழுதியது.

மானுவேல் என்ற அந்த சர்வராக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பெயின்காரர் இல்லை. பெர்லினில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிக் குடும்பத்தோடு லண்டன் வந்த பிள்ளை. படப்பிடிப்பில் கிளீஸ் நிஜமான வாணலியால் அடித்து அவருக்குத் தலை சுற்றியது. புகை வருவதற்காகச் சட்டையில் தடவிய ரசாயனம் கையைப் பொசுக்கியது. அகதியாக வந்தவரை இங்கிலாந்து எப்படி உபசரித்தது பாருங்கள். தொடரை ஸ்பெயினுக்கு விற்றபோது, நம் ஊர்க்காரன் அடிவாங்குவதா என்று மானுவேலை இத்தாலியன் ஆக்கி டப் செய்தார்கள்.

இரண்டு சீசன், மொத்தம் 12 எபிசோடு, 1979-இல் கடையைக் கட்டினார்கள். அதற்குள் எழுதிய தம்பதிக்கு விவாகரத்தே ஆகிவிட்டிருந்தது. இதன் பெருமையில் பாதி அந்த 12-இல் இருக்கிறது என்பது என் கணிப்பு. பன்னிரண்டில் சுமாரானதைக் கண்டுபிடிப்பதற்குள் தொடர் முடிந்துவிடுகிறது. 2000-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் துறைசார்ந்தவர்களைக் கேட்டு வெளியிட்ட 100 சிறந்த நிகழ்ச்சிகளில் முதலிடம் ஃபால்டி டவர்ஸுக்கு. 2004-இல் பிபிசி பொதுமக்களைக் கேட்டது. ஐந்தாமிடம்! இறுதிக்கு வந்த பத்துக்கும் ஆளுக்கொரு பிரபலம் வக்கீலாக வந்து வாதாட, கிராமத்துப் பெண் பாதிரியாரின் கதையான 'விகார் ஆஃப் டிப்லி' மூன்றாமிடத்தில் போய் உட்கார்ந்தது. நிபுணர்களின் கடவுளை மக்கள் தேரடியில் நிறுத்திவிட்டார்கள்.

மக்களின் கடவுள் வேறு. அவரிடம் போவதற்கு முன் ஒரு கொலையாளியைச் சந்தித்தாக வேண்டும்.

மைக்கேல் கிரேட். நிர்வாகி. தொடர்களுக்குக் கழுத்தில் கயிறு மாட்டுவது இவர் துறை. 1970-களின் கடைசியில் லண்டன் வீக்எண்ட் டெலிவிஷனில் இவர் கண்ணில் பட்டது 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்'. மாலைநேர ஆங்கில வகுப்பு, பரிதாபமான வாத்தியார் பிரவுன், உலகம் முழுவதிலிருந்தும் வந்த மாணவர்கள். ஜப்பானியர் எல்லாச் சொல்லுக்கும் வாலில் ஓர் 'ஓ' ஒட்டுவார், சீனப்பெண் மாவோவின் சிவப்புப் புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டார், பாகிஸ்தானியான அலியும் சீக்கியரான ரஞ்ஜித்தும் ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடிப்பார்கள். ரஞ்ஜித் சிங்காகத் தலைப்பாகை கட்டியவர் இலங்கையின் கம்பளையில் பிறந்த ஆல்பர்ட் மோசஸ். அலியாக நடித்த டீனோ ஷஃபீக் பிறந்தது டாக்காவில். துணைக்கண்டத்தில் எந்த ஊரில் பிறந்தாலும் எந்த ஊர்க்காரனாகவும் நடிக்கலாம் என்ற தாராள மனப்பான்மை அன்றைய பிரிட்டிஷ் டிவிக்கு இருந்தது.

வெளிநாட்டுக்காரர்களை இப்படிக் கேலி செய்வது சரியில்லை என்று கிரேட் 1979-இல் நிறுத்திவிட்டார். நியாயமான முடிவுதான். ஆனால் கேலி செய்யப்பட்ட வெளிநாட்டுக்காரர்களை அவர் கேட்கவில்லை. தொடர் இலங்கை, பாகிஸ்தான், கென்யா, மலேசியா, சிங்கப்பூர் என்று விலைபோய்க்கொண்டே இருந்தது. ஆங்கிலம் வராதவனைப் பார்த்துச் சிரிக்கும் தொடரை, ஆங்கிலத்தில் பேச எழுந்தால் உள்ளங்கை வேர்க்கும் தேசங்கள் விழுந்து விழுந்து ரசித்தன. சூட்சுமம் எளிது. பாகிஸ்தானி சீக்கியரைப் பார்த்துச் சிரிப்பான், சிங்கப்பூர்க்காரன் ஜப்பானியரைப் பார்த்துச் சிரிப்பான், நம்மவர்கள் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த வகுப்பில் 'நான்தான் இவன்' என்று யாரும் கையைத் தூக்கவே இல்லை. பிரிட்டன் மறைத்துவைக்கும் இந்தத் தொடருக்கு நம் பக்கத்தில்தான் பில்டப் அதிகம். தப்பாகக் காதில் விழுந்த சொல் என்ற ஒற்றை ஜோக்கை வைத்துக்கொண்டு அத்தனை எபிசோடு ஓட்டியிருக்கிறார்கள். வாத்தியாரிடம் யாரும் கடைசிவரை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் அதில் யதார்த்தமான அம்சம்.

இதே கிரேட் 1984-இல் பிபிசி ஒன்றின் நாற்காலிக்கு வந்தார். சரித்திரக் காமெடியான 'பிளாக்ஆடர்' தொடரின் முதல் சீசன் 1983-இல் வந்திருந்தது. கோட்டை, குதிரை, பனி என்று அள்ளி இறைத்திருந்தார்கள். சிரிப்பு மட்டும் பட்ஜெட்டில் விடுபட்டிருந்தது. கிரேட் கயிற்றை எடுத்தார். வெளிப்புறப் படப்பிடிப்பு கிடையாது, செலவைக் குறை என்ற நிபந்தனையோடு உயிர்ப்பிச்சை கிடைத்தது. எழுதும் வேலையை நாயகனாக நடித்த ரோவன் அட்கின்சன் விட்டுவிட, ரிச்சர்ட் கர்ட்டிஸோடு பென் எல்டன் சேர்ந்தார். குதிரை போனது, வசனம் வந்தது. முதல் சீசனில் அசடாக இருந்த நாயகனுக்கு மூளை வந்தது, கூட இருந்த பால்ட்ரிக்குக்கு அது அப்படியே பறிபோனது. கஞ்சத்தனம் ஒரு கலைப்படைப்பைக் காப்பாற்றிய அபூர்வ சம்பவம் இது. பாராட்டு கணக்கருக்குத்தான் போக வேண்டும்.

1989-இல் வந்த நான்காவது சீசன் முதல் உலகப்போர்ப் பதுங்குகுழியில் நடந்தது. கடைசிக் காட்சியில் எல்லோரும் குழியிலிருந்து ஏறி எதிரியின் துப்பாக்கிக்கு நேராக ஓடுகிறார்கள். காட்சி மெதுவாகி, உறைந்து, பாப்பிப் பூக்கள் பூத்த வயலாகக் கரைகிறது. பிரிட்டன் இன்றும் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. அந்தக் காட்சி எடுக்கப்பட்டபோது படுமோசமாக வந்தது, செட் செயற்கையாகத் தெரிந்தது, எடிட்டிங் அறையில் வேறு வழியில்லாமல் வேகத்தைக் குறைத்து ஒப்பேற்றினார்கள் என்பதை அழுகிறவர்களிடம் சொல்லாதீர்கள், அடிப்பார்கள். 2014-இல் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், முதல் உலகப்போரைப் பற்றிய நம் அபிப்பிராயத்தை பிளாக்ஆடர் கெடுத்துவிட்டது என்று டெய்லி மெயிலில் எழுதினார். பால்ட்ரிக்காக நடித்த டோனி ராபின்சன் பதிலடி கொடுத்தார். ஓர் அரசாங்கம் தன் வரலாற்றுக் கொள்கையைக் காப்பாற்ற ஒரு காமெடித் தொடரோடு மல்லுக்கட்டியது, எதிர்ப்பக்கம் வாதாடியவர் திரையில் முட்டாளாக நடித்தவர். இதைவிட பில்டப் யாராலும் கொடுக்க முடியாது.

மக்களின் கடவுளுக்கு வருவோம். 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்'. ஜான் சல்லிவன் எழுத்து. தெற்கு லண்டனின் பெக்கம், மஞ்சள் நிற மூன்று சக்கர வேன், வரி கட்டாத வியாபாரி டெல் பாய், தம்பி ராட்னி. 1981-இல் தொடங்கியபோது சீந்துவார் இல்லை. மறுஒளிபரப்பில்தான் சூடு பிடித்தது. 2004 ஓட்டெடுப்பில் மக்கள் இதற்குத்தான் மகுடம் சூட்டினார்கள். நான்கு வருடம் முன்பு நிபுணர்களின் பட்டியலில் இது 45-ஆவது இடம். பிரிட்டனின் வர்க்கப் போராட்டம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

இந்தத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரே காட்சியைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். பார் கவுண்டரில் சாய்வதாக நினைத்து, கதவுப்பலகை தூக்கியிருப்பது தெரியாமல் டெல் பாய் பக்கவாட்டில் விழுகிறார். 1989-இல் வந்தது. டேவிட் ஜேசன் எங்கும் கையை ஊன்றாமல் பலகை மாதிரி விழுகிற அழகு நிஜமாகவே அழகுதான். ஆனால் சில விநாடி வீழ்ச்சியைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக் காட்டி, அதுதான் பிரிட்டிஷ் நகைச்சுவையின் சிகரம் என்றால் எங்கேயோ இடிக்கிறது. 1982-இல் ஒரு மாளிகையில் கண்ணாடிச் சரவிளக்கைக் கழற்ற அண்ணன் தம்பி இருவரும் ஏணியில் நின்று போர்வையை விரித்துக் காத்திருக்க, மாடியில் தாத்தா வேறொரு விளக்கின் திருகைக் கழற்றிவிடுகிறாரே, அதன் பக்கத்தில் இது நிற்குமா?

1996 கிறிஸ்துமஸில் முடித்தார்கள். கராஜில் கிடந்த பழைய கடிகாரம் ஏலத்தில் 62 லட்சம் பவுண்டுக்குப் போய் இருவரும் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். பார்த்தவர்கள் 2 கோடியே 43 லட்சம் பேர், ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பிரிட்டிஷார். அங்கேயே நிறுத்தியிருந்தால் நானும் தேங்காய் உடைத்திருப்பேன். 2001-இல் மறுபடி வந்தார்கள். பணமெல்லாம் முதலீட்டில் போய், பழைய வீட்டுக்கே திரும்பி, மூன்று கிறிஸ்துமஸ் ஓட்டினார்கள். முதலிடத்துக்கு ஓட்டுப்போட்டவர்கள் அந்த மூன்றையும் சௌகரியமாக மறந்துவிட்டுத்தான் போட்டார்கள். அநியாய பில்டப் பட்டம் என் கையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதற்குக் கொடுப்பேன், பெக்கம் பக்கம் தலை காட்டமாட்டேன்.

நிறுத்தாமலே போவது தப்பா என்றால், அதற்கும் ஒரு வழி உண்டு. 'லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன்' 1973-இலிருந்து 2010 வரை 295 எபிசோடு ஓடியது. யார்க்ஷையர் மலைச்சரிவில் மூன்று கிழவர்கள் சின்னப் பிள்ளைகளாகத் திரிவார்கள், குளியல்தொட்டியில் சக்கரம் கட்டிச் சறுக்குவார்கள், விழுவார்கள். நடிகர்கள் காலமானார்கள், புதுக் கிழவர்கள் வந்தார்கள், எல்லாவற்றையும் ராய் கிளார்க் ஒருவரே எழுதினார். இதை யாரும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது பாட்டுக்கு ஓடும். விமர்சகர்கள் கேலி செய்து செய்து ரிட்டயர் ஆனார்கள்.

விமர்சகர்களுக்கு நிஜமான அதிர்ச்சி 2016-இல் வந்தது. இந்த நூற்றாண்டின் சிறந்த சிட்காம் எது என்று ரேடியோ டைம்ஸ் வாசகர்களைக் கேட்டது. ரிக்கி ஜெர்வைஸின் 'தி ஆஃபீஸ்' ஜெயிக்கும் என்று படித்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். ஜெயித்தது 'மிசஸ் பிரவுன்ஸ் பாய்ஸ்'. டப்ளின்காரரான பிரெண்டன் ஓகாரல் கிழவி வேஷம் கட்டிக்கொண்டு, பச்சையாகப் பேசி, கதை நடக்கும்போதே கேமராவைப் பார்த்துச் சிரித்து, பாதியில் வசனத்தை மறந்தால் அதையும் அப்படியே ஒளிபரப்பிவிடும் தொடர். நிபுணர்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட அளவுக்கு மக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

2019-இல் அதே ரேடியோ டைம்ஸ் மறுபடி கிளம்பியது. இம்முறை எல்லாக் காலத்துக்குமான சிறந்த பிரிட்டிஷ் சிட்காமைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாசகர்களைத் தொந்தரவு செய்யவில்லை, நகைச்சுவை நிபுணர் குழுவைக் கேட்டது. ஃபால்டி டவர்ஸ் முதலிடம். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கும் பிபிசி ஒன்றில் மிசஸ் பிரவுன்தான் வந்தார்.